பெயர் சொல்ல முடியாமல் போன அந்த விசாரணை

நெல் சுணை கழுத்தில் ஒட்டி, அதன்மேல் வியர்வை இறங்கினால் எப்படி எரியும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை... அன்று சங்கக் கொட்டகையில் எனக்கு அந்த எரிச்சல்கூடத் தெரியவில்லை. அவ்வளவு பயம்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. திருவாரூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் கூலித் தகராறு. எந்தத் தெருவில் எந்தக் கூரைக்குத் தீ வைப்பார்களோ என்று துணிமணியை மூட்டை கட்டியே வைத்திருப்போம். நான் அப்போதுதான் வாக்கப்பட்டு வந்திருந்தேன்.

எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அறுப்பை நிறுத்துவதென்று ரகசியமாக முடிவெடுத்தோம். மறுநாள் விடிவதற்குள் மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார், போலீஸ் காவலோடு. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

போய்ச் சொன்னது நான்தான் என்று என்மேல் பழி போட்டாள், சங்கத்தில் கூட இருந்த அஞ்சலை. கூட்டம் முடிந்த சாயங்காலம் மிராசுதார் வீட்டுக் கொல்லை வாசலில் என்னைப் பார்த்தாளாம். பார்த்தது உண்மைதான்...

சங்கத்தை விட்டு நீக்கினால் தெருவில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மாமியார் அன்றைக்கே பிறந்த வீட்டுக்குத் துரத்திவிடுவார்.

உறுப்பினர்களுக்குள் வழக்கு வந்தால் சங்கத்தில் ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஒருவரைச் சொல்ல வேண்டும். அந்த இருவரும் விசாரித்துத் தீர்ப்பு சொல்வார்கள். சொன்ன ஆளை மாற்றக் கூடாது, அவரும் மறுக்கக் கூடாது. அஞ்சலை தலைவரைச் சொன்னாள்.

நான் மனசில் வைத்திருந்தவர் நியாயமான மனிதர். ஆனால் அவர் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் ஒன்று. புருஷன் பெயரை வாயால் சொல்லிவிடுவோமா அந்தக் காலத்தில்? (இப்போதும் டைப் அடிக்க விரல் வரவில்லை, விடுங்கள்.) கையை நீட்டிக் காட்டினேன். நடுங்கிய நடுக்கத்தில் அது பக்கத்தில் நின்றவர் மேல் போய் நின்றது.

"வீரையனா? சரி" என்று சொல்லிவிட்டார் தலைவர்.

வீரையன் யார் தெரியுமா... அஞ்சலையின் கூடப் பிறந்த அண்ணன். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "எதுக்கும்மா அங்க போன?"

என் தங்கச்சியை அந்த வீட்டில் மாட்டு வேலைக்கு விட்டிருந்தார்கள். காய்ச்சலில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கஞ்சி கொண்டு போனேன். அழுதுகொண்டே சொன்னேன். சாட்சி யாருமில்லை.

வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மிராசுதார் வீட்டைச் சுற்றி அடியாட்கள் தடியோடு உட்கார்ந்திருந்த நேரம். போகாதே என்று அஞ்சலையே அழுதாள். வெயில் இறங்கியும் ஆள் வரவில்லை. வெட்டிப் போட்டிருப்பார்கள் என்றே நினைத்தேன்.

வந்தார். கிழிந்த சட்டை, வீங்கிய உதடு, தோளில் என் தங்கச்சி. அவள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"நீ பாத்தது நெசந்தான் அஞ்சல. நெனச்சதுதான் தப்பு."

தலைவரும் ஒப்புக்கொண்டார். போய்ச் சொன்னது யாரென்று கடைசி வரை தெரியவில்லை. அறுப்பு முடியும்வரை அந்தப் பயமும் தெருவை விட்டுப் போகவில்லை.

இப்போது மகனோடு அப்பார்ட்மென்டில் இருக்கிறேன். இங்கேயும் ஒரு அசோசியேஷன். செக்ரட்டரியைப் பற்றித் தப்பாகப் பேசினாள் என்று கீழ் வீட்டுப் பெண்ணை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். லிஃப்டில்கூட யாரும் அவளோடு பேசுவதில்லை.

நேற்று என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன நடந்துச்சுன்னு யாருமே என்கிட்ட கேக்கல ஆன்ட்டி."

எனக்கு அன்று வீரையன் எதிரே வந்து உட்கார்ந்து கேட்டது நினைவு வந்தது... கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டேன்.

"மொதல்லேருந்து சொல்லும்மா. நான் கேக்குறேன்."