ஜீப் சக்கரம் போட்ட கல்யாணக் கார்

நான் அந்தக் காரில் சர்ச்சுக்குப் போய் இறங்கவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒருவர் காதிலும் ஏறவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் புதிதாக வந்தவர்களிடம் யாராவது என்னைக் காட்டி, "அந்தக் காலத்துலயே ஃபாரின் கார்ல போய் இறங்கின பொண்ணு இவங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காருக்குச் சொந்தக்காரர் என் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். படப்பையில் அரிசி மில் வைத்திருந்தார். அறுபதுகளின் கடைசியில், சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடமிருந்து அதை வாங்கினார். வெளிர்நீல நிறம். பின்சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். உடம்பு அவ்வளவு நீளமாக இருந்தாலும் சக்கரங்கள் சிறியவை, அதனால் வண்டி தரைக்குப் பக்கத்தில் தாழ்வாகவே நிற்கும். எனக்கு அந்தக் காரில் பிடித்த ஒரே விஷயம் அந்தத் தாழ்வுதான். காரணம் என் அப்பா.

அப்பா தாம்பரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பக்கவாதம் வந்து இடது காலில் பலம் போய்விட்டது. பஸ் படி ஏற முடியாது. மாமா காரில் மட்டும் யார் உதவியும் இல்லாமல் ஏறுவார். முதலில் திரும்பி நின்று சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். கதவையும் தானே சாத்துவார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவருக்கு ஒரே ஒரு கவலைதான். எங்கள் வழக்கப்படி பெண்ணைச் சர்ச்சுக்குள் கைபிடித்து அழைத்துப் போவது அப்பா. அதற்காக தினமும் காலையில் கிணற்றடியிலிருந்து கேட் வரைக்கும் நடந்து பழகினார். வலது கையில் தடி. இடது கையை மடித்து வைத்துக்கொள்வார், நான் அதைப் பிடித்துக்கொண்டு கூட வருவது போல. நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பார்ப்பது தெரிந்தால் செடிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற மாதிரி நடிப்பார்.

இந்த நேரத்தில்தான் மாமாவுக்கு டயர் ஞாபகம் வந்தது. டயர்கள் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன, மாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டயர் கடைக்கு எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். கல்யாண வண்டி, பொண்ணும் பொண்ணைப் பெற்றவரும் பார்க்க வேண்டாமா என்றார். பார்க்க மட்டும்தான் கூப்பிட்டார் என்பது போன பிறகுதான் புரிந்தது.

அதே அளவு டயர் வேண்டுமென்றால் மவுண்ட் ரோட்டில் சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையதன் மேலேயே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் பண்ணிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் முதலில் சரியாகத்தான் சொன்னார். மாமாவின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

"இன்னா சார், இம்மாம் பெரிய வண்டிய வச்சிகினு இத்தினூண்டு சக்கரத்துல உருட்டிகினு கீறீங்க? ஜீப் வீல் போடு சார். பெரிய டயரு. சும்மா யானை கணக்கா நிக்கும்."

வீல் பொருந்துமா என்று மாமா கேட்டதற்கு, லேத் பட்டறையில் கொடுத்து போல்ட் துளையை மாற்றிக்கொள்ளலாம் என்றார். மாமாவுக்கு உடனே நியாயங்கள் கிடைத்துவிட்டன. முடிச்சூர் ரோட்டில் மழைத் தண்ணீர் நின்றால் வண்டி தூக்கலாக இருக்கும். ஜீப் டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். எல்லாவற்றையும் விட, மாப்பிள்ளை வீட்டார் பட்டணத்து வேப்பேரிக்காரர்கள், நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடக் கூடாது. இருக்கிற காரே போதாதென்று அதைத் தூக்கி நிறுத்தினால்தான் வேப்பேரி மதிக்குமாம்!

அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சீட்டு எவ்வளவு ஒசரம் ஏறும்?"

"ஒரு சாண் ஏறுமா? அதுதானே மாப்ளே கம்பீரம்!" என்று மாமா சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். அப்பா எதைக் கேட்டார் என்று அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் சொன்னேன். "மாமா, அப்பாவால ஏற முடியாது." "அதெல்லாம் நான் தூக்கி உக்கார வச்சுக்கறேன், நீ சும்மா இரு" என்றார். தூக்கி உட்கார வைப்பாராம். என் அப்பா என்ன நெல் மூட்டையா?

சக்கரம் மாட்டி வந்த வண்டியைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செங்கல் மேல் ஏறி நிற்கிற வாத்து மாதிரி இருந்தது. வளைவில் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசிக் கர்ரென்று கத்தும். "ஸ்டீரிங்க முழுசா ஒடிக்க முடியலீங்க" என்று மாமாவின் டிரைவர் முறையிட்டார். மட்கார்டு ஓரத்தை மாமா சுத்தியால் தட்டி மடக்கிவிட்டு, இப்போது சரியாகிவிட்டது என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலை நானும் அம்மாவும் முதலில் காரில் ஏறிக்கொண்டோம். அப்பா கோட்டு போட்டுக்கொண்டு காரின் அருகே வந்தார். வழக்கம் போல் திரும்பி நின்றார். சீட்டு அவர் இடுப்பை எட்டியிருந்தது. எம்பிப் பார்த்தார், முடியவில்லை. மாமாவும் டிரைவரும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஒரு ஷூ கழன்று விழுந்தது. கோட்டு மேலேறிச் சட்டை வெளியே வந்தது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா, "விடுங்க, விடுங்க" என்றார்.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மாப்ளே, நீங்க பேசாம, கீழ சாய்ச்சு ஏத்திக்கிற கை ரிக்‌ஷால வாங்க. லேட்டானா என்ன, பொண்ண உள்ள நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

நான் காரிலிருந்து இறங்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா, "போம்மா, சர்ச்சுல பாதிரி ஐயர் காத்துக்கிட்டு இருப்பாரு" என்று அவரே கதவைச் சாத்தினார். கார் கிளம்பிவிட்டது. முன்சீட்டில் மாமா இப்போதே பெண்ணின் தகப்பனாராகிவிட்டது போல் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்சீட்டில் நான் வெள்ளைப் பட்டுப்புடவையில் கொதித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய தெருவிலிருந்து சர்ச் சந்துக்குள் திரும்புகிற இடத்தில் கார் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஒடித்துப் பார்த்தார். டயர் மட்கார்டில் போய் முட்டியதே தவிர வண்டி திரும்பவில்லை. மூக்கு எதிர்ச்சுவரை ஒட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் பின்னால் எடுத்துத் திருப்பினால் தீர்ந்தது.

"ஐயோ, ரிவர்ஸ் எடுக்காதீங்க" என்று அம்மா பதறினாள். "பொண்ணு உக்காந்திருக்கிற வண்டி பின்னால போகக் கூடாது."

"ஆமா, ஆமா, எடுக்காத" என்றார் மாமா.

நாங்கள் ராகுகாலம் பார்க்காத குடும்பம். அதெல்லாம் அவிசுவாசம் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரசங்கம் கேட்கிறவர்கள். ஆனால் பெண் உட்கார்ந்த கார் மட்டும் பின்னால் போகக் கூடாது! இந்தச் சட்டம் எந்த வேதத்தில் இருக்கிறது? ஆட்களைக் கூட்டி வந்து வண்டியைப் பக்கவாட்டில் நகர்த்தலாமா என்று மாமா யோசனை பண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் ரிக்‌ஷா மணி அடித்தது. தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற காரைத் தாண்டிப் போக வழியில்லாமல் அப்பாவின் ரிக்‌ஷா நின்றுகொண்டிருந்தது.

நான் கதவைத் திறந்தேன். அந்த உயரத்திலிருந்து புடவையோடு இறங்க முடியாது, குதித்தேன். அம்மா ஏதோ கத்தினாள். நேராக ரிக்‌ஷாவுக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"நடக்க முடியுமாப்பா?"

அப்பா தடியை ஊன்றி இறங்கினார். "பிராக்டிஸ் பண்ணியிருக்கேன்ல" என்றார்.

காரின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே இடமில்லை. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இருவரும் சந்துக்குள் நடந்தோம். அவர் இடது கையை மடித்துக்கொடுத்தார். என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி கொடுத்தாரே தவிர, பாரம் முழுவதையும் என்மேல்தான் போட்டார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. சர்ச் வாசலில் நிற்கவில்லை, உள்ளே பீடம் வரைக்கும் அப்படியே போனோம். வேப்பேரிக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

பெண் இறங்கிவிட்டதால் கார் தாராளமாக ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி, ஆராதனை முடிவதற்குள் சர்ச் வளாகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. போட்டோக்காரரை மாமா ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார். என்னையும் மாப்பிள்ளையையும் காரின் முன்னால் நிறுத்தினார். கூடவே தானும் நின்று மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். அப்பா களைத்துப்போய் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் வரட்டும் என்றேன். "அவரு ரெஸ்ட் எடுக்கட்டும், அப்புறம் தனியா எடுத்துக்கலாம்" என்றார் மாமா. தனியாக எடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு அப்பா இல்லை.

என் கல்யாணத்துக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். ஜீப் டயரின் பள்ளங்கள்கூட அதில் சுத்தமாகத் தெரிகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று, என்ன கார், என்ன மாடல், சக்கரம் ஏன் இவ்வளவு பெரியது என்று கேட்கிறார்கள். பெண்ணின் அப்பா எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.