சோலைமலை பிறந்த தேதி

என் அண்ணன் சோலைமலைக்கு உத்தியோகம் கிடைக்காமல் போனதற்கு அவன் மண்டையில் சரக்கு இல்லாததுதான் காரணம் என்று எங்கள் தோட்டத்தில் பாதிப்பேர் இன்றைக்கும் நினைக்கிறார்கள். வாய் இருக்கிறது, பேசட்டும். எஸ்.எஸ்.எல்.சி.யை ஒரே தடவையில் பாஸ் செய்து, டைப்பும் முடித்தவன் அந்த மலையில் அப்போது வேறு எவன் இருந்தான்?

குரங்கணிக்கு மேலே ஏறினால் எங்கள் ஏலத்தோட்டம். அது கேரளத்து எல்லைக்குள் இருந்தது. அரிசி வாங்குவது, படிப்பது, சீக்கு வந்தால் ஓடுவது எல்லாம் கீழே போடிக்குத்தான். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கவலைப்பட்டதில்லை.

எழுபத்தொன்றில் அண்ணன் படிப்பை முடித்து எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்தான். மூன்று வருஷம் கழித்து முதல் இண்டர்வியூ கார்டு வந்தது. அப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார். நான் காய் எடுத்த கூலியில் அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொல்லியிருக்கிறான். கடைசியில் பிறப்பிடச் சான்று கேட்டார்கள். அதற்காகத் தாலுகா ஆபீசுக்குப் போனால், அங்கே இருந்த கிளார்க்கு பிறப்புச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ பொறந்தது கேரளாவுல. நாங்க எப்பிடிச் சான்று குடுக்கிறது?" என்று கையை விரித்துவிட்டார்.

சரி, அந்தப் பக்கமே கேட்போம் என்று அங்கேயும் போய்ப் பதிந்தான். அங்கே இருந்தவர் இவன் பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்ததும், "தமிழனல்லே? மலையாளம் வாயிக்கான் அறியுமோ?" என்று கேட்டாராம். இவனுக்குப் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அதோடு சரி.

அடுத்தடுத்து வந்த கார்டுகளும் அந்தச் சான்றில்தான் முட்டி நின்றன. முதல் நாலைந்து தடவை சிரித்துக்கொண்டேதான் வந்தான். "அன்னம், ரெண்டு கவர்மெண்டும் எனக்காகச் சண்டை போடுது. நீ வச்சுக்க, நீ வச்சுக்கன்னு" என்பான். நானும் சிரிப்பேன். போடியில் கமருதீன் பாய் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதக் கேட்டுப் பார்த்தான். "நீ கவர்மெண்டு உத்தியோகத்துக்குப் போற ஆளு தம்பி. ரெண்டே மாசத்துல ஓடிருவே" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஏழாவது கார்டுக்குப் பிறகு சிரிப்பு நின்றுபோனது. ஜீப்பை விட்டு ஒரு வளைவு முன்னாலேயே இறங்கி, காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் போய் வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்து, கைலி கட்டிக்கொண்டுதான் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்கு வருவான். இருந்தாலும் கங்காணி ஜக்கையன் கண்ணில் பட்டுவிடுவான். "என்னப்பா கலெக்டரே, எப்பச் சார்ஜ் எடுக்கிற?" அந்த ஆளை அரிவாளால் வெட்டலாமா என்று எனக்கு இருக்கும். அண்ணனுக்குப் பேசி வைத்திருந்த சந்திரவல்லியைக் கீழே தேவாரம் ஊரில் ஒரு லாரிக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் மறுநாள் காலையில் களையெடுக்கப் போய்விட்டான்.

எண்பத்துநாலு வைகாசியில் பதினாலாவது கார்டு வந்தது. ஜூலை ஒன்றாம் தேதி அன்று முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. பிறப்புச் சீட்டின்படி அண்ணனுக்கு ஜூலை ஒன்பதில்தான் முப்பது முடிகிறது. இதை விட்டால் அப்புறம் கார்டே வராது. அவன் கார்டைப் படித்துவிட்டு, "போகல. போயி என்னத்துக்கு?" என்று மூலையில் போட்டான்.

அப்போதுதான் ஆத்தா வாயைத் திறந்தாள். அந்தத் தைமாதம்தான் வயதாகிவிட்டது என்று அவளைத் தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

"இனிமே எவன் என்னத்தப் புடுங்கப் போறான்? நீ இங்கன பொறக்கலடா அப்பு. தலைப்பிரசவத்துக்கு எங்க ஊரு சிலமலைக்குப் போனேன். வலி கண்டு போடி ஆஸ்பத்திரிக்கு வண்டியில கொண்டு போயிட்டாக. அங்கதான் பொறந்தே. மேல வந்து பாத்தா ஒங்கப்பா குளிர்காய்ச்சல்ல பேச்சு மூச்சில்லாமக் கெடக்காரு. தோட்டத்துல பெத்தவளுக்குத்தான் பிரசவக் காசு குடுப்பாக. மழையில எறங்க முடியல, லயத்துலயே பெத்துட்டேன்னு சொல்லிட்டேன். தோட்டத்துக் கிளார்க்கு, புள்ள நல்லா போஷாக்கா இருக்கேன்னுகூடச் சொன்னான்."

"இத்தனை வருசம் ஏன் ஆத்தா சொல்லல?"

"பொய் எழுதி வாங்குனதுக்கு ஜெயில்ல போடுவாகளே. லயத்த விட்டு வெரட்டிட்டா ஒங்களத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?" என்று மாராப்பை வாயில் வைத்து அழுதாள்.

அண்ணன் முகத்தில் பத்து வருஷத்துக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தேன். மறுநாளே மூன்று பேரும் இறங்கினோம். முனிசிபாலிட்டியில் பழைய ரிஜிஸ்தரைத் தேடி எடுக்க நாலு நாள் ஆனது. கருத்தம்மாள், ஆண் குழந்தை என்று அழகாக எழுதியிருந்தது. நகல் வாங்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு ஓடினோம். இப்போது வேறொரு கிளார்க்கு இருந்தார், நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார். படித்தார். பென்சிலால் ஒரு இடத்தில் தட்டினார்.

"இதுல ஜூன் பதினேழுன்னுல்ல இருக்கு. ஜூலை ஒன்னாந்தேதிக்கு ஒனக்கு முப்பது முடிஞ்சிருமேப்பா."

ஆத்தா மேலே வந்து பொய் சொன்ன நாளைத்தான் தோட்டத்தில் பிறந்த தேதியாக எழுதியிருக்கிறார்கள்.

"பழைய சீட்டுல ஜூலை ஒம்பது இருக்குங்க சார்."

"அதக் காட்டுனா நீ கேரளாக்காரன்."

ஆத்தா தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடிக்கப் போனாள். "அய்யா, தேதிய அதுலருந்து எடுத்துக்கங்க. ஊர இதுலருந்து எடுத்துக்கங்க. புள்ள ஒருத்தன்தானய்யா" என்றாள். அந்த மனுஷன் எழுந்தே விட்டார். "எந்திரிங்கம்மா. பத்து வருசத்துக்கு முன்னாடி இந்த நகலக் கொண்டாந்திருந்தா அன்னிக்கே கையெழுத்து வாங்கிருக்கலாம்" என்றார்.

பஸ்ஸ்டாண்டில் நான் ஆத்தாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். ஊரே நின்று பார்த்தது. "நீயெல்லாம் ஒரு தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கண்ணன் வாழ்க்கை இப்பிடிச் சீரழியுமா?" என்று கத்தினேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான். "விடு அன்னம். அன்னிக்கு அந்தக் காசு இல்லாட்டி அப்பா செத்திருப்பாரு. நீயும் பொறந்திருக்க மாட்டே."

நான் ஆத்தாவின் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினேன்.

மறுநாள் காலையில் அவனே ஜக்கையனிடம் போனான். அதுவரை கூப்பிட்ட அன்றைக்கு மட்டும் கூலிக்குப் போனவன், பேரை நிரந்தரமாக எழுதிக்கொள்ளச் சொன்னான். ஜக்கையன் அன்றைக்குக் கிண்டல் பேசவில்லை. பேரேட்டைத் திறந்து பேர் எழுதிவிட்டு, "வயசு என்னப்பா போட?" என்று கேட்டார்.

"நீங்களே பாத்து ஒன்ன எழுதிக்கங்கண்ணே" என்றான்.

அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முப்பத்தைந்து என்று எழுதினார். அண்ணன் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டான்.