கன்னியப்பன் என்னைக் கூப்பிட்ட முறை

சென்ற வெள்ளிக்கிழமை காலை ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அத்திப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் வாசலில் காலூன்றி நின்று, "உங்க சம்பந்தி தவறிட்டாரு. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். சாயங்காலம் எடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார்.

நான் சட்டையைக் கழற்றினேன். மறுபடியும் மாட்டினேன். "செத்த உக்காருங்க" என்றாள் என் மனைவி. உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. சங்க மலருக்குக் கன்னியப்பனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று தோழர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து தெருமுனைவரை போய்த் திரும்புகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் நம் இரும்பாலையில் அவர் உலைப் பக்கம், நான் ஸ்டோர். அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் மகன் அவர் மகளைக் கட்டவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுக் குழம்பியிருக்கிறார்கள். அவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் என் மகன் மோகனுக்கு அவர் மகள் வசந்தாவைப் பேசி முடித்தோம். அத்திப்பட்டில் அவர் வீட்டில்தான் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றிக்கொண்ட கையோடு கன்னியப்பன் என்னைத் தழுவிக்கொண்டு, "சம்பந்தி" என்றார். நானும் "சம்பந்தி" என்றேன். அந்தச் சொல் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பான்னு கூப்ட்டா மகனேன்னு பதில் வரும். மாமான்னா மருமகனேன்னு வரும். ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ. இதுல பாருங்க, நான் உங்கள இன்னா கூப்புடறனோ அதையேதான் நீங்களும் என்ன கூப்புடணும். பொண்ணு குடுக்கறவன் கைய கட்டிக்கினு நிக்கத் தேவையில்ல" என்றார். அவர் அப்பா வயலில் கூலி வேலை செய்தவர். யார் முன்னாலும் கைகட்டி நிற்பதில்லை என்பதில் கன்னியப்பனுக்கு ஒரு வீம்பு உண்டு. அது உங்களுக்குத் தெரியும்.

பத்திரிகை அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆயிற்று. அப்போதுதான் மோகன் அம்பத்தூரில் தன்னோடு வேலை செய்த பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஆள் அனுப்பிச் செய்தி சொன்னான். எங்களுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அதைச் சொல்ல நான்தான் அத்திப்பட்டுக்குப் போனேன். கன்னியப்பனின் மனைவி தனலட்சுமி உள்ளே போய், நாங்கள் வைத்த தட்டை அப்படியே கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். வசந்தா வெளியே வரவேயில்லை. கன்னியப்பன் முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "வண்டிக்கு நேரமாச்சு. கெளம்பு சம்பந்தி" என்றார்.

சொல் அதேதான். 'கிளம்புங்க' என்பது 'கெளம்பு' ஆகியிருந்தது.

மறுநாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஆலைக்குப் போகும் ரயிலில் நான் பொன்னேரியில் ஏறுவேன். அத்திப்பட்டில் ஏறிய கன்னியப்பன் எனக்கு முன்பே வண்டியில் இருப்பார். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி, "இன்னா சம்பந்தி! இங்க வா, எடம் கீது!" என்பார். பெட்டியே சிரிக்கும். நான் பெட்டி மாற்றினேன். அவரும் மாறினார். முந்தின வண்டியில் போய் ஆலை வாசலில் காத்துக் கிடந்தேன். அங்கேயும் தப்பிக்க முடியவில்லை. கையுறை கிழிந்தால் உலைக்காரர்கள் ஸ்டோர் ஜன்னலுக்குத்தானே வர வேண்டும்? அவர் கையுறைபோல் அந்த ஆலையில் வேறு யாருடையதும் கிழிந்ததில்லை. "சம்பந்தி, ஒரு ஜோடி குடு" என்று கையை உள்ளே நீட்டுவார். நான் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பேன். பதிலுக்கு அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை என்று இருந்தது.

தூக்கம் கெட்டது. சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட மனைவியிடம் கேட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆலைக்கு எதிரே டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். நம் ஆட்கள் சிலர் அப்போது கூட இருந்தார்கள்.

"ஏன் இப்படிக் கூப்புடறீங்க கன்னியப்பன்? நாலு அடி அடிச்சிட்டுப் போயிடுங்களேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எம் பொண்ண தெருவுல இன்னா பேர் வெச்சி கூப்புடறாங்க தெரியுமா ஒனக்கு? நின்னுபோனவ. தண்ணிக்கிப் போனா நின்னுபோனவ, கடைக்கிப் போனா நின்னுபோனவ. அத தெனமும் காதுல வாங்கிக்கினு ஊட்டுக்கு வருது அது. ஒரு நாளும் அழுவல. நீ நல்ல வார்த்தைய கேட்டுக்கினு பேஜாராவறியே!"

  அன்றிலிருந்து பெட்டி மாறுவதை நிறுத்தினேன். அவர் கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் நின்றேன். வசந்தா கேட்டுக்கொள்கிறாள், நானும் கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தேன். கொஞ்ச நாளில் பெட்டியில் சிரிப்பு அடங்கியது. பேச விஷயம் இல்லாமல் நாங்கள் உலை, சம்பளம், மழை என்று பேசத் தொடங்கினோம். ஒருநாள் மீஞ்சூரில் வாங்கிய நாஷ்டாப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். "புள்ள எப்டி கீறான்?" என்று கேட்டார். மோகனைத்தான் கேட்டார். "இருக்கான்" என்றேன். "ஊட்டுக்குள்ள வுடு அவன. எத்தினி நாளு வெளியவே நிறுத்துவ" என்றார். மோகனை நான் வீட்டில் சேர்த்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

வசந்தாவுக்கு வரன் அமைவது சுலபமாக இல்லை. வருகிறவர்கள் எல்லாம் நின்றுபோன கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து முனிரத்தினம் என்று ஒருவர் தன் மகனுக்குப் பார்த்தார். அவர் கொஞ்சம் வித்தியாசமானவர். நேரே பொன்னேரிக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உண்மைய சொல்லுங்க. பொண்ணுகிட்ட இன்னா கொறையப் பாத்து நிறுத்தினீங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அக்கம்பக்கத்தில் மோகனின் கல்யாணத்தை நாங்களே பார்த்துச் செய்ததாகச் சொல்லி வைத்திருந்தாள் அவள். வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"குறை எங்க வீட்டுல. எம் பையன் சொல்லாம கொள்ளாம வேற பொண்ணக் கட்டிக்கிட்டான். அந்தப் பொண்ண மருமகளா அடைய எங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றேன். உள்ளே இருந்த மோகனைக் கூப்பிட்டேன். அவனும் வந்து நின்று, "ஆமாங்க, என் தப்புதான்" என்றான். முனிரத்தினம் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அந்த மாதமே முகூர்த்தம் குறித்தார்கள்.

கல்யாணத்துக்கு நான் போகத் தயங்கினேன். கன்னியப்பன் விடவில்லை. பந்தலில் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துப்போனார்.  மகள் கல்யாணச் சந்தோஷத்தில், பல வருஷம் கழித்து 'ங்க' போட்டு, "வாங்க சம்பந்தி, வாங்க! இவருதான் என் சம்பந்தி!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

எதிரே உட்கார்ந்திருந்த முனிரத்தினம் எழுந்துவிட்டார்.

"அப்போ நான் யாரு?"

"நீங்களும் சம்பந்திதான்" என்று சிரித்தார் கன்னியப்பன்.

"ஒரு பொண்ணுக்கு எத்தினி சம்பந்தி? இவரு சம்பந்தின்னா, ஒம் பொண்ணு ஏற்கெனவே இன்னொரு ஊட்டு மருமகள்னு ஆவுது. கேக்கறவன் அப்படித்தான் அர்த்தம் பண்ணிக்குவான். எம் மருமகள எவனும் அப்படி நெனைக்கக் கூடாது. இந்தப் பேச்ச இத்தோட நிறுத்து."

 நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். கன்னியப்பன் மணவறையில் உட்கார்ந்திருந்த வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. அவர் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். என்னைக் குத்த எடுத்த சொல் தன் மகள்மேலும் விழுந்துகொண்டிருந்தது என்பது அதுவரை அவருக்குத் தோன்றியே இருக்கவில்லை.

"சரிங்க. இனிமே கூப்புடல. எம் பொண்ணு மேல சத்தியம்" என்றார்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த திங்கட்கிழமை வண்டி பொன்னேரியில் நின்றபோது கதவோரம் நின்றுகொண்டு, "ஏகாம்பரம், எடம் கீது" என்றார், மெதுவாக. எத்தனையோ நாள் அதற்குத்தானே ஏங்கினேன்! ஆனால் என் பெயரை அவர் வாயில் கேட்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஸ்டோர் ஜன்னலிலும் ஏகாம்பரம்தான். கையுறைகூட அடிக்கடி கிழிவதில்லை. மதியம் அவர் வருகிறாரா என்று ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வசந்தாவுக்கு மகன் பிறந்த செய்தி வந்த நாளில் கன்னியப்பன் பை நிறைய ஆரஞ்சு மிட்டாயோடு பெட்டி பெட்டியாக அலைந்தார். என்னிடம் வந்து கையில் அள்ளி வைத்தார். "பேரன் பொறந்துகீறான் ஏகாம்பரம்."

பெட்டியில் நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் இல்லை. "ரொம்ப சந்தோஷம், சம்பந்தி" என்றேன்.

போகத் திரும்பியவர் நின்றார். "இன்னாய்யா சொன்ன?"

"சம்பந்தின்னு சொன்னேன்."

"நான் சத்தியம் பண்ணிட்டேனே. திருப்பிச் சொல்ல முடியாதேய்யா."

"நான் பண்ணலையே."

 அவர் பையில் கைவிட்டு இன்னொரு பிடி மிட்டாயை அள்ளி என் சட்டைப் பையில் போட்டார். அதன்பின் நான் கூப்பிடுவேன், அவர் "உம்" என்பார். கடைசிவரை அப்படித்தான் நடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரை எடுத்தார்கள். நம் ஆலையிலிருந்து வந்த கூட்டத்தைக் கண்டு அத்திப்பட்டே திகைத்தது. முனிரத்தினம் முறைப்படி கோடித்துணி போர்த்தினார். நான் மாலையைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டேன். வசந்தா அழுதழுது குரல் போயிருந்தாள். என்னைக் கண்டதும், "நைனா போயிட்டாரே மாமா" என்றாள். அதற்குமேல் அங்கே நிற்க என்னால் ஆகவில்லை. சுடுகாட்டிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முனிரத்தினமும் வந்து சேர்ந்தார். ஊரில் சொல்லிவிட்டுக் காரியத்துக்குத் திரும்பி வர வேண்டுமாம். அவர் வண்டி சென்னைப் பக்கம், என் வண்டி பொன்னேரிப் பக்கம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் இரண்டு முறை எழுந்து தண்டவாளத்தை எட்டிப் பார்த்தேன்.

"குந்துங்க" என்றார். "அவரு எங்க ஊட்டுக்கு வந்தா உங்கள பத்திதான் பேச்சு. பேர் சொல்லமாட்டாரு. அந்த வார்த்த வாய்வரைக்கும் வரும், முழுங்கிக்குவாரு. அப்புறம் 'பொன்னேரிக்காரரு' ம்பாரு. பாக்கற எனக்கே கஷ்டமா பூடும். சொல்லிக்கய்யான்னு விட்டிருக்கலாம். விடல நானு."

பிறகு அவரே, "தை மாசம் பேரனுக்குக் காது குத்தறோம். தாய்மாமன் கெடையாது. தாத்தா மடிதான்னு நெனச்சிக்கினு இருந்தோம்" என்று நிறுத்தினார்.  "நீங்க வந்து குந்தணும்."

"நான் எந்த முறையில உக்கார்றது?"

"பொண்ணு ஊட்டுப் பக்கம் உக்காந்தா எனக்கு இன்னா முறை நீங்க?" என்று கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார். "வந்துடுங்க சம்பந்தி."

"வரேன் சம்பந்தி" என்றேன்.

அவர் வண்டி முதலில் வந்தது. ஏறிப் போனார்.

கன்னியப்பன் விட்டுச் சென்றதில் என் பங்குக்கு வந்தது, அவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார ஓர் இடம். தை மாதம் பொதட்டூர்பேட்டைக்குப் போகிறேன். அவரைத் தெரிந்தவர்கள், உலைப் பக்கத்தவர்கள் யார் வந்தாலும் அழைத்துப் போகிறேன். பிள்ளை தாத்தாவைப்போலவே ஓரிடத்தில் இருக்காதாம். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.