கோவளத்துக்குப் போன மங்கிக் குல்லாய்

கோவளத்துக்கு முன்னால் மழையில் அரித்துப்போன சிறுபாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். திங்கள்கிழமை முதல் பஸ் கடற்கரை வரை போகிறது. திருவான்மியூர் பஸ் நிலைய டைம்கீப்பர் சொன்ன தகவல். புதன்கிழமை நானே அதன்மேல் போய்வந்தேன்.

இது 1995 தை. காணும் பொங்கல் கூட்டம் வடிந்துவிட்டது, பள்ளி விடுமுறை தொலைவில் இருக்கிறது. இந்த நேரத்தில் கடலுக்குப் போகக் காரணம் பூந்தமல்லி நண்பர் பஷீர். அம்பத்தூர் பட்டறையில் வேலை போய், தீபாவளியிலிருந்து வீட்டில் இருக்கிறார். கோவளம் தர்காவுக்குப் போகும் வழியில் கீற்று வேய்ந்த சாப்பாட்டுக்கடை ஒன்று வாடகைக்கு வருகிறது. அதை எடுப்பதா, விடுவதா?

"மே மாசத்துல எவன் வேணா வித்துடுவான் அண்ணாத்தே. ஆளு இல்லாதப்போ போய்ப் பாக்கணும்" என்றார்.

விடியற்காலை ஐந்தேகாலுக்குச் சென்னீர்குப்பத்தில் பஸ் ஏறினேன். பனியில் எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பூந்தமல்லியிலேயே ஏறியிருந்த பஷீர் ஸ்வெட்டர், மங்கிக் குல்லாயோடு உட்கார்ந்திருந்தார். மடியில் பெரிய பிளாஸ்க், நிறைய சுக்குக்காபி. நம் பக்கமே இப்படி நடுங்கினால் கடலோரத்தில் கேட்கவே வேண்டாம், சுக்குக்காபி பறக்கும் என்பது அவர் கணக்கு.

கிண்டியிலும் திருவான்மியூரிலும் பஸ் மாறவேண்டும். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், இரண்டேமுக்கால் மணி நேரம். டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய்க்குள் முடிந்தது.

இறங்கினால் குளிரே இல்லை. இதமான வெயில், அடங்கிய அலை. மணலில் வெளியூர் ஆட்கள் ஒருவரும் இல்லை. கூடையோடு காத்திருந்த மீன்காரப் பெண்கள் பஷீரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னா நைனா, ஊட்டி பஸ்ஸுன்னு நென்ச்சு ஏறிட்டியா?" என்றார் மேரி என்பவர்.

"சுக்குக்காபி கீதும்மா, சூடா."

"எங்களுக்கே வேர்த்து ஊத்துது, நீ வேற!"

பஷீர் மணலில் உட்கார்ந்து, குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஈ காக்கா இல்ல. சீசன்லதான் கடை போடணும் போல" என்றார் என்னிடம், மெதுவாக.

மேரிக்குக் கேட்டுவிட்டது. "இன்னாய்யா சீசன்? இப்பத்தான் சீசன்! ராவுல மீனுக்குப் போன கட்டுமரமெல்லாம் பத்து மணிக்கு வரும். அவ்ளோ பேரும் பசியோட கரையேறுவானுங்க. இட்லிக்காரி எட்டுக்கே மூட்டை கட்டிட்டுப் பூடுறா. சோறு போடுவியா, அத்தச் சொல்லு."

"பாயாவும் இடியாப்பமும் போட்டா?"

"எலும்ப நீ போடு பாய், மீன நாங்க போட்டுக்கறோம்."

அவர் சொன்னபடியே பத்து மணிவாக்கில் கட்டுமரங்கள் கரையேறின. ஏலம், கூச்சல், மணல் கொள்ளாத கூட்டம். நனைந்து வந்தவர்கள் பஷீரின் பிளாஸ்க்கைக் காலி செய்துவிட்டு, தின்ன என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை. பஷீர் எழுந்து கீற்றுக்கடையின் அடுப்படியைக் காலால் அளக்கப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் கிண்டி வரைக்கும்தான். அலை அடங்கியிருக்கிறதே என்று முழங்காலுக்கு மேல் இறங்கவேண்டாம். மாலை நான்குக்குள் திரும்பிவிடுங்கள். பிறகு பஸ் குறைவு.

பஷீர் கடையைக் கேட்டுவிட்டார்; அதன் சொந்தக்காரர் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை போகிறவர்கள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.