குழந்தைக்கு மாவு அரைத்த திங்கட்கிழமைகள்

எங்கள் மாவு மில்லில் இரண்டு மிஷின்கள். ஒன்று மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. மற்றது அரிசி, கேழ்வரகு, கோதுமைக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது என்பது மில் வைக்கிறவன் முதல் நாளே தெரிந்துகொள்ளும் விஷயம். அதை நான் விட்டுவிட்ட ஒரு காலம் இருந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் யாரும் சாகவில்லை. வியாபாரம் படுத்துவிடவும் இல்லை. மகள் திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஆனால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கண் விழித்துவிடும், உடம்பு எழாது. ஆறரைக்குத் திறந்துகொண்டிருந்த மில்லை எட்டுக்குத் திறந்தேன். பிறகு ஒன்பது. பிறகு பத்து. சில நாள் பத்தரைக்குப் போனால் ஷட்டர் முன்னால் டப்பாக்களும் பைகளும் வரிசையாக இருக்கும். ஆள் இருக்காது. வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த வரிசையைப் பார்த்தாலே திரும்பிப் போய்விடலாம் போலிருக்கும்.

என்ன காரணம் என்று கேட்டார்கள். காரணம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு இயல்பாகவே பேச்சு குறைவு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் முன்னால் நின்றால் கை எங்கே வைப்பது என்று தெரியாது. அதனால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லியே ஒரு வருடம் போயிற்று.

என் மனைவி சும்மா விடவில்லை.

"யோவ், நீ மில்லுக்கு போறியா, இல்ல மில்லு கெளம்பி இங்க வரணுமா?"

கட்டிலில் கிடந்தபடி சுவரைப் பார்ப்பேன்.

அவள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். ரத்தம், சர்க்கரை, எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர், "நல்லா தூங்கி எழுந்திரிங்க" என்றார். வெளியே வந்ததும் இவள், "தூங்குறத தவிர இந்தாளு வேற இன்னா செய்றாரு" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே மறைந்துவிடலாம் போலிருந்தது. பிறகு ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனோம். இரவு நெரிசல் தாங்காது என்று பகலிலேயே போய் வந்தோம். அப்போதும் கூட்டம். என் காலை எத்தனை பேர் மிதித்தார்கள் என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். எனக்காகத்தான் நின்றாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, "கடலை வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அந்த வருடம் மாசியில் மாவு மிஷினின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் வாங்க பஜாருக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். நான் நடக்கவில்லை. மிளகாய் மிஷினிலேயே எல்லாவற்றையும் அரைத்தேன். மிளகாய்க்குப் பிறகு மாவு அரைக்க வேண்டுமானால் நொய்யரிசியை இரண்டு தடவை போட்டு ஓட்டி, உள்ளே இருக்கும் காரத்தை எடுக்க வேண்டும். மாவு வந்து விழும் துணிப் பையையும் மாற்ற வேண்டும். அதைச் செய்துகொண்டுதான் இருந்தேன். பிறகு ஒரு தடவை ஓட்டினேன். பிறகு ஒரு கை நொய் போட்டேன். நான்கு மாதம் அப்படியே போயிற்று. தேய்ந்துபோன அரைக்கும் கல்லையும் கொத்திக் கூராக்கவில்லை. மிளகாய்த் தூள் சூடாகக் கொரகொரவென்று விழுந்தது. யாரும் சண்டை போடவில்லை. பேசாமல் வேறு மில்லுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

மனைவி ஒருநாள் தட்டில் சோறு போட்டபடியே, கோபமில்லாமல் சொன்னாள்: "மூடிடலாம்யா. மிஷின குடுத்துடலாம். நீ நல்லா இருந்தா போதும்."

அவள் திட்டும்போது வலிக்காத எனக்கு, அது வலித்தது. ஆனாலும் சரி என்றேன். மிஷின்களைப் பார்க்க ஒருவர் அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு.

அந்த வாரத்தில்தான் அந்தப் பெண் வந்தது. எங்கள் பின்தெருவில் குடியிருக்கும் பெண், பஜாரில் துணிக்கடையில் வேலை. புருஷன் வெளியூரில் கம்பெனி வேலை. எட்டு மாதப் பெண் குழந்தை. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் கேழ்வரகு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்துக் கொண்டுவந்து வைத்தது. "கொழந்தைக்குண்ணா" என்றது. தலையை ஆட்டினேன். அதற்கு முன் மூன்று கிலோ மிளகாய் ஓடியிருந்தது. நொய் மூட்டை உள்ளே மூலையில் இருந்தது. ஆறு அடி நடக்க வேண்டும். நான் நடக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போகாமல், பத்தரை மணிக்கு இடுப்பில் குழந்தையோடு வந்தது. கையில் ஒரு டம்ளர், அதில் கஞ்சி. மில்லில் நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"அண்ணா, இத குடிச்சி பாரு."

வாங்கிக் குடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கின் ஓரத்தில் எரிந்தது. பெரியவர்களுக்கு அது ஒரு காரமே இல்லை. குழந்தையின் உதட்டைப் பார்த்தேன். சுற்றிலும் சிவந்திருந்தது.

"எம்மா நேரம் கத்துச்சி தெரியுமா? புள்ளைக்கு இன்னா ஆச்சின்னே புரியல எனக்கு. அப்புறம் நக்கி பாக்குறேன், எரியுது."

நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.

"இன்னாணா, ஒண்ணும் பேச மாட்டியா?"

பக்கத்தில் நின்ற அம்மாள், "அவரு எப்பவும் பேச மாட்டாருடி" என்றாள், எனக்குத் துணையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"பேசாட்டி போவட்டும். கை கூடவா வேல செய்யாது?" என்றது அந்தப் பெண். "கேவுர கழுவி, மொளை கட்டி, நெழல்ல காயவெச்சி, மூணு நாளு. கடைக்கும் போயிகினு, புள்ளையும் பாத்துகினு. அத்த திருப்பி குடுப்பியா நீ?"

போய்விட்டது. மற்றவர்கள் பைகளை எடுத்துக்கொண்டார்கள். ஷட்டரை இறக்கினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடத்தில் நான் அவளிடம் தொடர்ந்து பேசியது அன்றுதான். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் கேழ்வரகு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"கழுவு."

"நானா?"

"பின்ன, நானா காரம் போட்டு அரைச்சேன்?"

கழுவினேன். ஐந்து தண்ணீர் மாற்றச் சொன்னாள். ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டேன். துணி காயக் கூடாது, தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றாள். மறுநாள் காலை அதற்காகத்தான் எழுந்தேன். எழுந்தேன் என்பதே தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது. கேழ்வரகில் வெள்ளையாகச் சின்ன முளை விட்டிருந்தது. இருபது வருடம் மற்றவர்கள் கொண்டுவந்த முளைகட்டிய கேழ்வரகை அரைத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இவ்வளவு வேலை இருப்பது எனக்குத் தெரியாது. நிழலில் பரப்பினேன். காக்கை வராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, போட்டோ எடுத்துக்கவா?" என்றாள். மனைவி அவளை விரட்டினாள்.

அது காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் பஜாருக்குப் போய் பெல்ட் வாங்கிவந்தேன். பத்து நிமிடம்தான். மாவு மிஷினைப் பிரித்து, கல்லைக் கழற்றி, உளியால் கொத்தினேன். கை வலித்தது. மிஷின்களைப் பார்க்க வருவதாக இருந்தவர் போன் செய்தபோது, "அடுத்த வாரம் வாங்க, இப்ப கழட்டி போட்டிருக்கேன்" என்றேன். அது உண்மைதான்.

முளைகட்டிக் காயவைத்து வறுத்த கேழ்வரகை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. அதுவே வெளியே வந்தது.

"நானே செஞ்சேம்மா. பெல்ட் மாத்திட்டேன். கல்லும் கொத்திட்டேன். அரைச்சி கொண்டாரேன்."

தூக்கைத் திறந்து, ஒரு கேழ்வரகை எடுத்துக் கடித்துப் பார்த்தது.

"வேணாம். நீ அரைச்சி கொண்டாராத."

தலை குனிந்துகொண்டேன். அதுவே மேலே பேசியது.

"எங்கண்ணு முன்னாடி அரை. ஒரு வாரத்துக்கு உண்டானது மட்டும் அரைச்சா போதும், வண்டு வெக்காது. திங்கக்கெழம ஏழு மணிக்கு வரேன். மொதல்ல எம்புள்ளைக்கு அரைக்கணும், அப்புறந்தான் ஊருக்கு. எட்டரைக்கு நான் கடைல இருக்கணும். தொறந்து வெச்சிருப்பியா?"

"வெச்சிருக்கேம்மா" என்றேன்.

வேறு மில்லுக்குப் போயிருக்கலாம். எதிர்ச்சாரியிலேயே ஒன்று இருக்கிறது. ஏன் எனக்கு இன்னொரு தடவை கொடுத்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்காது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை.

அந்தத் திங்கட்கிழமை ஆறு மணிக்கே மில்லில் இருந்தேன். மிஷினைத் துடைத்து, கொத்திய கல்லின் தூசி போக நொய் போட்டு இரண்டு தடவை ஓட்டி, புதுத் துணிப் பையைக் கட்டினேன். ஏழு மணிக்கு வந்தது. குனிந்து மிஷின் வாய்க்குள் பார்த்தது. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தது. அரைத்து முடித்ததும் இரண்டு விரலில் மாவை எடுத்துத் தேய்த்து, "நைஸா இருக்குது" என்றது. அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரமும் வந்தது. மிஷின்களுக்காக வருவதாக இருந்தவரிடம், கொடுக்கவில்லை என்று போனில் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் வாசலில் நான்கு தடவை நடந்தேன். தடுப்பூசி போடும் நாளில் ஆஸ்பத்திரியில் மற்ற தாய்மார்களிடம் அந்தப் பெண் சொல்லியிருக்கிறது. புதன், வெள்ளி காலையில் வேறு குழந்தைகளின் மாவு வர ஆரம்பித்தது. காரத் தூசி பறந்து குழந்தைகளின் மாவில் படியாமல் இருக்க, ஒன்பது மணிக்கு முன்னால் மிளகாய் மிஷினை ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். நல்ல காலம் என்று ஒரேயடியாக வந்துவிடவில்லை. செவ்வாய், வியாழன்களில் பழையபடி எட்டுக்கும் ஒன்பதுக்கும் போன நாட்கள் உண்டு. உடம்பு கனத்து, சாப்பிட்டது ருசிக்காத நாட்களும் உண்டு. ஆனால் திங்கட்கிழமை என்று ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமைக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் மறுபடி பேச ஆரம்பித்தேன். பெரிய பேச்சு இல்லை. யார் வந்தார்கள், என்ன அரைத்தேன், அவ்வளவுதான். மனைவி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு கதையா?" என்பாள். ஆனால் மறுநாளும் கேட்பாள்.

ஐந்து மாதம் கழித்து, அந்தப் பெண் வழக்கமான தூக்கோடு இன்னொரு பெரிய டப்பாவும் கொண்டுவந்தது. புருஷன் வேலை செய்யும் ஊருக்கே குடிபோகிறார்களாம்.

"அங்க மில்லு எப்பிடி இருக்குமோ. கொஞ்சம் சேத்து அரைச்சி குடுண்ணா."

குழந்தை தரையில் நின்று மிஷின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அரைத்துக் கொடுத்தேன். நிறைய சொல்ல வேண்டும் என்று இருந்தது. "மூடி இறுக்கமா இருக்குதா பாத்துக்கம்மா" என்றுதான் வந்தது.

"நீ ஒண்ணும் கவலப்படாத. நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. நான் சொல்ல வேண்டியதை அது சொல்லிவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட நன்றியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பயம் வந்தது. திங்கட்கிழமை ஏழு மணிக்கு அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரும் வருவதில்லை. நாளைக்கு எழுந்திருப்பேனா? ஒரு நாள் விட்டால் அடுத்த நாளும் விடும், எனக்கு என்னைத் தெரியும். மனைவியிடம் எழுப்பிவிடு என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

காலையில் சட்டை மாட்டும்போது அவள் விழித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுதான் ஊருக்கு பூடிச்சே?"

"ஆமா."

"அப்புறம் யாருக்கு?"

"தெரியல. போய் பாக்குறேன்."

அவள் எழுந்து எனக்கு டீ வைத்தாள்.

ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். கூட்டினேன். மிஷினைத் துடைத்து, நொய் போட்டு ஓட்டினேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பஸ்கள் போயின. எட்டேகால் வரை ஒருவரும் வரவில்லை. உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு ஒரு பெரியவர் சைக்கிளில் அரிசி மூட்டையோடு வந்தார்.

"இன்னாப்பா, இம்மா சீக்கிரம் தொறந்துட்ட?"

"ஏழு மணிக்கே தொறந்துட்டேங்க" என்றேன்.

மூட்டையை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, அரிசியை மிஷினில் கொட்டினேன்.