குஞ்சுகளுக்கு வைத்த குங்குமம்

மலேசியாவில் பத்து பகாட் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் நினைவில்லாமல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், எங்கள் தாய்க்கோழியை உடும்பு தூக்கிப்போய்விட்டது. அதன் குஞ்சுகளை அடுப்போரம் கூடையில் வைத்துக் காப்பாற்றினேன். அவர் எழுந்து வந்தால் சூப்பு வைத்துக் கொடுக்க அவற்றைத்தான் நம்பியிருந்தேன்.

எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், எல்லார் வீட்டுக் கோழியும் ஒன்றாகத்தான் மேயும். அடையாளத்துக்கு அவரவர் குஞ்சின் மேல் ஏதாவது சாயம் பூசிவிடுவோம். வீட்டில் சாயம் இல்லை. குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துக் குஞ்சுகளின் தலையில் அப்பி, பெரிய கோழிகளோடு விட்டுவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க ஓடினேன்.

வேலை முடிந்து வந்தால் வாசலெல்லாம் செத்த குஞ்சுகள். பக்கத்து வீட்டு அஞ்சலை கம்போடு கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"செவப்பு தெரியிற எடத்துலயே கொத்துதுங்க அக்கா! ரத்தம்னு நெனச்சிக்கிச்சிங்க போல!"

"ஐயோ, என் கையாலதானே வச்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

சாக்கடையில் விழுந்து குங்குமம் கரைந்த ஒரு குஞ்சு மட்டும் பிழைத்தது. இப்போது அதைக் கோழிகளுக்கு நடுவே கவிழ்த்த கூடைக்குள் வைத்திருக்கிறேன். முதலில் பார்த்துப் பழகட்டும். அடையாளத்துக்கு, துணிக்குப் போடும் நீலம்.

குங்குமம் இனி என் நெற்றிக்கு மட்டும்தான். அவர் இன்னும் கண் திறக்கவில்லை. இதுவாவது அழியாமல் இருக்கட்டும் என்று தினமும் அழுத்தி வைத்துக்கொள்கிறேன்.