நூற்றுக்கு இருபது

அந்தக் கொத்தனாரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மட்டம் பார்க்கும் கருவியின் பேரைச் சொல்லி 'ரசமட்டம்' என்றால்தான் தெரியும். சாப்பிட உட்காரும் முன் மேசையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, ஆடினால் காலடியில் காகிதம் மடித்து வைக்கிற ஆள். யார் வீட்டிலாவது படம் கோணலாகத் தொங்கினால் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார்.

"எங்க கல்யாணப் போட்டோவுல என்னையா பார்க்கறாரு? பின்னாடி கோணலா இருக்கிற கதவையில்ல பார்க்கறாரு" என்பாள் மனைவி.

வேலையை விட்ட பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவு நிலத்தில் இறங்கினார். மழையில் மண் கரைந்து ஓடாமலிருக்கக் குறுக்கே கல்வரப்பு கட்ட எண்ணம். கற்களையும் சேர்த்து வைத்தார். தண்ணீர் நிரப்பிய டியூப்பால் சரிவை அளந்துவிட்டு வந்து மகளிடம் சொன்னார்.

"அஞ்சு மீட்டருக்கு ஒரு மீட்டர் எறங்குது. நூத்துக்கு இருபது."

மகளுக்கு அதுதான் உத்தியோகம். செயற்கைக்கோளிலிருந்து கிடைத்த உயர அளவுகளைக் கணினியில் ஏற்றி, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சரிவைப் பார்த்து, எங்கே எவ்வளவு மண் அரிக்கும் என்று வரைபடம் போடுவாள். சமையலறை மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். அவர்கள் நிலம் வெளிர்பச்சையாக வந்தது.

"பதினொண்ணுதான்ப்பா. உங்க டியூப்புல காத்து பூந்திருக்கும்."

"காத்தா? என் டியூப்புலயா?"

"பதினொண்ணுக்குக் கல்லெல்லாம் வேண்டாம். குறுக்க உழுதா போதும். முதுகை ஒடிச்சுக்காதீங்க."

அவர் இன்னும் இரண்டு முறை அளந்தார். இருபதுதான் வந்தது. திரையில் பதினொன்று அசையாமல் நின்றது. "பொண்ணு படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கற்களைக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் அவற்றை வைத்துச் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டார்.

இரண்டு மழைக்காலம். மேல்மண் முழுக்கக் கீழே ஓடைக்குப் போயிற்று. பாறை பல்லைக் காட்டியது. மழை வழக்கத்தைவிட அதிகம் என்றாள் மகள். அவர் அதையும் நம்பினார். அதன்பிறகு குளியலறைத் தரையில் தண்ணீர் வடிய வாட்டம் பார்த்துச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டபோது, "என் கை இப்பல்லாம் தப்புது. வேற ஆளைப் பாருங்க" என்றார். டியூப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். மேசை ஆடினாலும் அப்படியே சாப்பிட்டார்.

மருத்துவமனையில் கடைசி வாரம் மகளிடம் கேட்டார். "இந்தக் கட்டில் சாயுதா பாரும்மா. எனக்குச் சரியாத் தெரியல."

"இல்லப்பா" என்றாள். குனிந்து பார்க்கவில்லை.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து, அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "சரிவு டிகிரியில வந்திருக்குக்கா. சதவீதமா மாத்திடட்டுமா?"

"மாத்து" என்றாள். அப்புறம் அவள் கை நின்றுவிட்டது.

அலுவலகக் கோப்புகளில் இந்த மாற்றம் தவறியதே இல்லை. அப்பாவின் நிலத்துக்கு மட்டும் அன்றைக்கு வீட்டில் அவசரத்தில் போட்டது. பழைய கோப்பைத் திறந்தாள். பதினொன்று புள்ளி மூன்று. அலகு: டிகிரி. சதவீதமாக மாற்றினாள். இருபது வந்தது. வெளிர்பச்சைக் கட்டங்கள் சிவந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆணியிலிருந்து டியூப்பை எடுத்தாள். தண்ணீர் நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டி வெளியேற்றினாள். ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டாள். ஐந்து மீட்டர் தள்ளி மகள் நின்றாள். தண்ணீர் ஆடி அடங்கியது.

"எவ்ளோ?"

"இருபதும்மா."

அம்மா டியூப்பில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள். "அப்ப அவரு கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பாப் படிச்சேன்."

"அது தெரியாமலே போயிட்டாரே."

மகள் தன் முனையை இறக்கிவிட்டாள். தண்ணீர் அவள் காலடியில் கொட்டி, சரிவில் இறங்கி ஓடியது.